உமாமுசுமே ஆடப் போறீங்களா? முதல்ல பர்ஸைப் பூட்டுங்க!

ஜப்பானில் 2021-ல் வெளியாகி, 2025 ஜூனில் ஆங்கிலத்துக்கும் வந்துசேர்ந்த மொபைல் கேம், 'உமாமுசுமே: பிரிட்டி டெர்பி'. நிஜ ரேஸ் குதிரைகளின் பெயரோடு, குதிரைக் காதும் வாலுமாகப் பெண்கள் ஓடுவாங்க. நீங்கதான் பயிற்சியாளர். ரேஸ் தொடங்கிட்டா வேடிக்கை பார்க்க மட்டும்தான் முடியும். செய்ய வேண்டியதெல்லாம் அதுக்கு முன்னாடியே.

ஸ்பீடு, ஸ்டாமினா, பவர், கட்ஸ், விட் என ஐந்து திறன்கள். எல்லாத்தையும் சமமா ஏத்தாதீங்க. ஸ்பீடுக்கே முதலிடம். அப்புறம் தூரத்தைப் பாருங்க. 1200 மீட்டருக்கு ஸ்டாமினா கொஞ்சம் போதும். 3000 மீட்டர்ல அது குறைஞ்சா கடைசி நேரத்துல ஆள் காலி. எனர்ஜி இறங்க இறங்க, பயிற்சி சொதப்புற சதவீதம் ஏறும். அப்போ ரெஸ்ட் கொடுங்க. இல்லேன்னா விட் பயிற்சி. அதுல எனர்ஜி கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

காசு கரையுற இடம், சப்போர்ட் கார்டு. ஒரு குலுக்கலுக்கு 150 கேரட். ஒரே பேனரில் 200 முறை போட்டா, அதில் முன்னிறுத்துற கார்டை நீங்களே எடுத்துக்கலாம். பேனர் முடிஞ்சா அந்தக் கணக்கு அடுத்ததுக்கு வராது. ஆக, 30,000 கேரட் சேரும்வரை கைவைக்காதீங்க. ஆறு கார்டில் ஒன்றை மற்ற பிளேயரிடம் கடன் வாங்கலாம். முழுசா மேம்படுத்தின ஸ்பீடு கார்டு வெச்சிருக்கிறவரைத் தேடி ஃபாலோ பண்ணுங்க. இலவசம் பாஸ்!

நிஜத்தில் 113 ரேஸ் ஓடி ஒன்றுகூட ஜெயிக்காத குதிரை, ஹரு உராரா. கேமில் அவளுக்குக் கைவந்தது மண் தரையும் குறுந்தூரமும்; கடைசி இலக்கோ 2500 மீட்டர் புல்தரை 'அரிமா கினென்'. முதல் தடவை தோக்கத்தான் செய்வீங்க. புல்தரையிலும் நெடுந்தூரத்திலும் கெட்டியானவங்களோட மரபை அவளுக்குக் கொடுத்து, மறுபடி ஓடவிட்டுப் பாருங்க.