ஒடம்புல ஒட்டாத சோறு

எழுமலையில் என் அப்பத்தா நோஞ்சான் பிள்ளைகளைப் பார்த்தால் "திங்கிறது ஒடம்புல ஒட்டல" என்பாள். இந்த வாக்கியத்துக்கு மருத்துவ வரலாற்றில் மிக நெருக்கமான சொல் 'ஸ்ப்ரூ'. ஜாவாவிலிருந்த டச்சுக்காரர்களின் சொல் அது; 1880-ல் பாட்ரிக் மேன்சன் ஆங்கில மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். வாய்ப்புண், நிற்காத பேதி, எலும்பும் தோலுமாக இளைப்பது. வெகுகாலம் இதை வெப்ப நாடுகளில் வாழ்ந்த வெள்ளைக்காரர்களின் நோயாகவே எழுதினார்கள். உள்ளூர்க்காரன் இளைத்தால் பஞ்சம், இல்லையென்றால் சாதா வயித்துப்போக்கு. நம்மாள் மெலிய தனியாக ஒரு நோய் வேறு வேண்டுமா!

1960 முதல் 1962 வரை வட ஆற்காடு கிராமங்களில் அது கொள்ளைநோயாகவே பரவி, பலர் செத்தபிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் அதை ஆராய்ந்தார்கள். இந்நோயைக் கண்டறிய மூன்று நாள் மலத்தைச் சேர்த்து அதில் கொழுப்பை அளப்பார்கள். கௌரவமான வேலை இல்லை. ஆனால் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. குடலோ முழுக்கத் தண்ணீர். இந்தச் சிக்கலை உடம்பு லெசித்தின் என்ற பாஸ்போலிப்பிட்டை வைத்துச் சமாளிக்கிறது. அதற்கு நீரை விரும்பும் ஒரு தலை, நீரை வெறுக்கும் இரண்டு வால்கள். பித்தநீரில் வரும் லெசித்தினும் பித்த உப்புகளும் சேர்ந்து கொழுப்பைப் பொடிப்பொடியாகச் சுமக்கின்றன. கணைய நொதி லெசித்தினின் ஒரு வாலை வெட்டிவிடும். ஒற்றை வாலோடு அது குடல் செல்லுக்குள் நுழையும். உள்ளே மறுபடி இரண்டாவது வால் ஒட்டப்பட்டு, கொழுப்புத் துளிக்கு மேலுறையாகும். அந்தப் பொட்டலம்தான் கைலோமைக்ரான். அது நேராக ரத்தத்துக்குப் போகாது, நிணநீர் வழியாகச் சுற்றித்தான் போகும். லெசித்தின் குறைந்தால் துளிகள் செல்லுக்குள்ளேயே தேங்கும்.

ஸ்ப்ரூவில் பழுதாவது இந்தப் பொட்டலம் கட்டுகிற இடமே. குடலுறிஞ்சிகள் தேய்கின்றன, கொழுப்போடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வெளியே போகின்றன. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் பலர் தேறினார்கள். ஆனால் நோயை உண்டாக்கும் கிருமி இதுதான் என்று இன்றுவரை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

வேலூரில் கிடைத்த இன்னொரு செய்திதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. மேல்நாட்டவரின் குடலுறிஞ்சிகள் விரல்போல நிமிர்ந்திருக்கும். இங்கே நோயே இல்லாதவர்களிடமும் அவை இலைபோல, வரப்புபோல அகன்றிருந்தன. பிறவிக் கோளாறோ என்றால் அதுவும் இல்லை. வெப்ப நாடுகளில் தங்கிய அமெரிக்கர்களின் குடலும் இப்படியே மாறியது. ஊர் திரும்பிய பிறகு சரியாகிவிட்டது.