நிழல் விழும் பக்கம்

செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வைகாசிக் கல்யாணம். மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். உண்மையில் நிற்கவில்லை, வெட்டி ஒட்டியது. ஒட்டு தெரியாமலிருக்க அவர்களுக்குப் பின்னால் ஒரு மங்கல் நிழல் வலப்புறம் சரிந்து விழுகிறது. அதே வாரம் காலையில் எடுத்த பாறைப் படத்திலோ யானையின் நிழல் இடப்புறம். ஒரே படத்தில் இரண்டு சூரியன்.

"ஏன் தம்பி இந்தப் பக்கம்?" என்றேன்.

"அது தானா வரது சார். எப்பவும் அங்கதான் வரும்."

இந்தத் 'தானா'வுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஃபோட்டோஷாப் 1990ல் வெளிவந்தது. படத்தை அடுக்குகளாகப் பிரிக்கும் வசதி 1994ல் வந்தது. அதுவரை, அதற்குப் பின்னும் சில வருஷங்கள், நிழல் வேண்டுமென்றால் கையால்தான் செய்யவேண்டும். உருவத்தைப் பிரதியெடுத்து, கறுப்பை நிரப்பி, விளிம்பைக் கலங்கவைத்து, சற்று நகர்த்தி, உருவத்துக்கு அடியில் வைப்பார்கள். நகர்த்தும்போதாவது எந்தப் பக்கம் என்று ஒரு கணம் யோசித்தாக வேண்டும். 1998ல் அந்தக் கணமும் போயிற்று. ஒரு குறியிட்டால் போதும். கோணம் 120 டிகிரி, அழுத்தம் 75 சதவீதம் என்று யாரோ எங்கோ முன்கூட்டித் தீர்மானித்திருந்தார்கள். வெளிச்சம் மேலே, இடப்பக்கம்.

மேலே என்பதில் தவறில்லை. சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1988ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான். மேல்பாதி வெளுத்த வட்டம் நமக்குப் புடைப்பாகத் தெரிகிறது. கீழ்பாதி வெளுத்தது குழியாக. ஒரே விளக்கு, அதுவும் தலைக்கு மேல் என்று மனம் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் இடப்பக்கம்? பாறை ஏறக்குறையக் கிழக்கு பார்த்தது. எதிரே நிற்பவனுக்கு வலது கை வடக்கு. மார்கழிச் சூரியன் தெற்கே ஒதுங்கி வருவதால் வெளிச்சம் இடமிருந்து. அப்போது ஃபோட்டோஷாப்பும் பல்லவனும் ஒத்துப்போகிறார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிச் சூரியனே வடக்கே நிற்கிறது. காலை முழுவதும் வெளிச்சம் வலமிருந்து. பிற்பகலில் பாறை தன் நிழலிலேயே மூழ்கிவிடுகிறது. ஏழாம் நூற்றாண்டுத் தச்சன் எந்த ஒரு கோணத்தையும் நம்பி உளியை வைத்திருக்க முடியாது. பெரிய யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் நிற்கும் இருட்டு எந்த மாதத்திலும் இருட்டுத்தான். அங்கே நிழல் சேர்க்கப்படவில்லை, கல் எடுக்கப்பட்டிருக்கிறது.

சிற்பத்தின் மிக அழுத்தமான நிழற்கோடு உளியால் வந்ததே அல்ல. அது இரண்டு பாறைகளுக்கு நடுவே இயற்கை விட்ட பிளவு. அதில் நாகர்களைச் செதுக்கிச் சேர்த்தார்கள். 1914ல் விக்டர் கொலுபெவ் இந்தப் பிளவை மையமாக வைத்து, கங்கை இறங்குவது இது என்று வாதித்தார். அர்ச்சுனனா பகீரதனா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கு அதைவிட, பார்வை கடைசியில் இருட்டில் போய் நின்றது முக்கியமாகப் படுகிறது. (ரொதான் சென்னை மியூசியத்து நடராஜரைப் பற்றி 1913ல் எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். அவர் கண்டது யாரோ ஒருவர் விளக்கு வைத்த கோணத்தை.)

பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் நடந்தது வேறு. கோவர்த்தனச் சிற்பம் பல்லவர் காலத்தில் திறந்த வெளியில் இருந்தது. விஜயநகரக் காலத்தில் அதன் முன்னால் தூண் மண்டபம் எழுப்பினார்கள். மேலிருந்து விழுந்த வெயில் நின்றது; இப்போது வெளிச்சம் தூண்களிடையே, முன்பக்கமாகத் தாழ்ந்து வருகிறது. பால் கறப்பவனும் பசுவும் அதே கல்தான், அதே ஆழம்தான், ஆனால் வேறு சிற்பம். கல்லைத் தொடாமலே ஒரு சிற்பத்தைத் திருத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தக் கரையில் இல்லை. பக்தி செய்த திருத்தம் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை.

ஸ்டூடியோப் பையன் நல்லவன். நான் சொன்னதும் 120ஐ 60 ஆக்கினான். நிழல் இடப்புறம் போய் யானையின் நிழலோடு சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் மூக்கு நிழல் மட்டும் வலப்புறமே நின்றது. கல்யாண மண்டபத்தில் ஃப்ளாஷ் அந்தப் பக்கம் வைத்திருந்தார்களாம்.