பைத்தான் ஃபோல்டரின் பூர்வீகம்

கம்ப்யூட்டர் துறையில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளில் யாரையாவது பிடித்து, "பைத்தானில் ஒரு வெப் அப்ளிகேஷன் தொடங்கணும், முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு ஃபோல்டர் உண்டாக்கு. அதற்குள் 'வென்வ்' என்று ஒரு தனிச் சூழல் அமை. அதை 'ஆக்டிவேட்' செய். 'பிப்' கொண்டு ஜாங்கோவையோ ஃபிளாஸ்க்கையோ இறக்கு. 'ரிக்வயர்மென்ட்ஸ்' கோப்பை எழுது. எல்லாம் சரி. "ஏம்ப்பா இத்தனை சடங்கு?" என்ற அடுத்த கேள்விக்குத்தான் பதில் வராது. "வீடியோவில் அப்படித்தான் சார் செஞ்சாங்க" என்பார்கள்.

இது வீண் கேள்வி அல்ல. சீனியர் செய்த புராஜெக்டை ஜூனியர் வாங்கி, அதன்மேல் தன் பங்குக்கு ஒரு மாடி கட்டுவது நம் கல்லூரிகளில் பழைய வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் வாங்கி வந்த புரோகிராம் ஜூனியரின் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஓடுவதில்லை. எழுதியவர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போயிருப்பார். "என் மெஷினில் ஓடிச்சே!" என்ற ஒரு வரிதான் அவரிடமிருந்து பதிலாக வரும். அந்தச் சடங்குகள் ஒவ்வொன்றும் இதே தொல்லையில் எங்கோ மாட்டிக்கொண்ட ஒருவர் கண்டுபிடித்த பரிகாரம். அதன் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறேன். ஃபோர்ட்ரான் கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்த பழைய மாணவர்களும் தாராளமாக வாசிக்கலாம். கார்டுக் கட்டு கீழே விழுந்து வரிசை கலைந்தால் என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகவே புரியும்.

பைத்தானும் வெப்பும் ஏறக்குறைய ஒரே வயதுப் பிள்ளைகள். 1989 மார்ச்சில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. நிறுவனத்தில் பணியாற்றிய கீடோ வான் ராஸம் பொழுதுபோக்காக ஒரு மொழி செய்யத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் பைத்தான் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெப்பும் பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆனாலும் இரண்டும் உடனே கைகோத்துக் கொள்ளவில்லை.

1993-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உள்ள என்.சி.எஸ்.ஏ. மையத்தில் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாடு உருவாயிற்று. சர்வரில் 'சிஜிஐ-பின்' என்று ஒரு ஃபோல்டர். அதில் ஒரு புரோகிராமைப் போட்டு வைத்தால், யாராவது அந்த முகவரியைத் தட்டும்போதெல்லாம் சர்வர் அதை ஓட்டி, விடையை அனுப்பும். அமைப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான்! வளர்க்கும் இடம், மக்கள் பார்க்கும் இடம் என்று பலருக்குத் தனித்தனியே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பையே திறந்து திருத்துவார்கள். நடுவில் ஒரு எழுத்துப் பிழை வந்தால் ஊருக்கே தெரியும். ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புரோகிராம் புதிதாகப் பிறந்து இறந்ததால் வேகமும் போதவில்லை.

1998-ல் டிஜிட்டல் கிரியேஷன்ஸ் நிறுவனம் 'ஸோப்' என்ற பெரிய ஏற்பாட்டை இலவசமாக வெளியிட்டது. பைத்தானுக்கு வெப் உலகில் முதல் மரியாதை வாங்கித் தந்தது அதுதான் என்பேன். கெட்டிக்காரத்தனமான சாதனம். பிரவுசரிலேயே உட்கார்ந்து பக்கங்களையும் புரோகிராமையும் எழுதிவிடலாம். ஆனால் அப்படி எழுதியவை சாதாரணக் கோப்புகளாக இல்லாமல் ஸோப்பின் சொந்த டேட்டாபேஸுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமான கருவிகள் கோப்புகளைத்தான் அறியும்; டேட்டாபேஸுக்குள் நுழைந்து பார்க்க அவற்றுக்குத் தெரியாது. நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் இது பெரிய இடைஞ்சல். புரோகிராம் என்பது ஃபோல்டரில் உள்ள வெறும் டெக்ஸ்ட் கோப்புகளாகவே இருக்க வேண்டும் என்று இன்று நாம் சொல்வது அந்தப் பாடத்துக்குப் பிறகு ஊன்றிய பழக்கம்.

அதற்குள் ஆளுக்கொரு ஃபிரேம்வொர்க் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றுக்கு எழுதியது இன்னொரு சர்வரில் ஓடாது. 2003 டிசம்பரில் ஃபிலிப் ஈபி என்பவர் டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்ற உடன்படிக்கையை எழுதினார். பைத்தான்காரர்கள் இதை 'பெப் 333' என்பார்கள். பார்த்தால் மிகச் சாதாரணம். உன் அப்ளிகேஷன் இரண்டு பொருள்களை வாங்கிக்கொண்டு விடை தரும் ஒரு ஃபங்ஷனாக இருக்கட்டும். சர்வர் யாராக இருந்தாலும் அப்படியே கூப்பிடட்டும். இதன் பலன் பெரிது. உங்கள் மேஜையில் ஒரு குட்டி சர்வர், வெளியுலகுக்கு ஒரு பலமான சர்வர், இரண்டிலும் அதே புரோகிராம்! 2006-ல் வந்த பைத்தான் 2.5-லிருந்து அப்படியொரு குட்டி சர்வர் மொழியுடனேயே சேர்ந்து வருகிறது.

இப்போது கான்சாஸ் மாநிலத்துக்குப் போவோம். லாரன்ஸ் என்பது அங்கே ஒரு பல்கலைக்கழக ஊர். அந்த ஊரின் தினசரி 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்'. 2003-ல் அதன் வெப் பிரிவில் ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்று இரண்டு இளைஞர்கள் வேலை பார்த்தார்கள். வில்லிசன் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக மாணவர். ஓராண்டுத் தொழிற்பயிற்சிக்காக வந்தவர். (இன்டர்ன்ஷிப் என்றால் சர்டிபிகேட் வாங்கும் காரியம் என்று நினைக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்.) பத்திரிகை ஆபீஸ் அல்லவா? காலையில் ஆசிரியர் வந்து, "சாயங்காலத்துக்குள் இந்தப் பகுதி வேணும்" என்பார். அவர்கள் அதுவரை பயன்படுத்திய பிஎச்பியை விட்டுப் பைத்தானுக்கு மாறி, திரும்பத் திரும்ப வரும் வேலைகளைப் பொதுவாக ஒதுக்கி வைத்தார்கள். 2005 ஜூலையில் அதுவே ஜாங்கோ என்ற பெயரில் வெளிவந்தது. பெயர் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞருடையது.

ஜாங்கோவில் 'புராஜெக்ட்' என்றும் 'ஆப்' என்றும் இரண்டு அடுக்கு இருப்பதை மாணவர்கள் அறிவார்கள். அது பத்திரிகை ஆபீஸில் பிறந்த பிரிவு. ஒரே நிறுவனத்துக்குச் செய்தித்தளம் ஒன்று, ஊர்ப் பொழுதுபோக்குத் தளம் ஒன்று, பல்கலைக்கழக விளையாட்டுத் தளம் ஒன்று. மூன்றுக்கும் நிகழ்ச்சி நிரல் வேண்டும். அதை ஒரு 'ஆப்' ஆக எழுதி மூன்று புராஜெக்டிலும் பொருத்தலாம். மூலகாரணம் தெரியாததால்தான் நம் மாணவர்கள் லாகின் பக்கத்துக்கு ஒரு ஆப், லாக்அவுட்டுக்கு ஒரு ஆப் என்று பிரித்து வைக்கிறார்கள். இன்னொரு தளத்துக்குத் தனியே கழற்றிக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டுப் பார்த்தால், பாதி பிரிவுகள் வேண்டாதவை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். "சார், எதுக்கு ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர், ஒண்ணுக்குள்ள ஒண்ணு?" ஆரம்பத்தில் ஒன்றுதான் இருந்தது. 'மேனேஜ்' கோப்பும் 'செட்டிங்ஸ்' கோப்பும் ஒரே இடத்தில் கிடந்தன. வசதிக்காக ஜாங்கோ அந்த ஃபோல்டரையும் அதன் தாய் ஃபோல்டரையும் சேர்த்தே தேடும்படி வைத்திருந்தார்கள். அதனால் ஒரே கோப்பை இரண்டு பெயரில் அழைக்க முடிந்தது. பைத்தான் அவற்றை இரண்டு வேறு ஆட்களாக எடுத்துக்கொண்டு இரண்டு முறை ஏற்றிவிடும். மேஜையில் சமர்த்தாக ஓடியது, மேனேஜ் கோப்பின் துணை இல்லாத உண்மையான சர்வருக்குப் போனதும் படுத்துவிடும். 2012 மார்ச்சில் வந்த ஜாங்கோ 1.4-ல்தான் மேனேஜ் கோப்பை வெளியே தள்ளி, மற்றவற்றை உள் ஃபோல்டரில் வைத்துச் சரிசெய்தார்கள். ஆக, அந்த இரட்டைப் பெயர் அழகுக்காக வைத்ததல்ல, பட்டுத் திருந்தியதன் தழும்பு.

அடுத்து வென்வ். பைத்தானில் வெளியார் எழுதிய நூலகங்கள் எல்லாம் 'சைட்-பேக்கேஜஸ்' என்ற ஒரே இடத்தில் போய்ச் சேரும். ஒரு நூலகத்தின் ஒரு பதிப்புதான் அங்கே இருக்க முடியும். 2003-ல் நூலகங்களைப் பதிவு செய்யும் 'பைப்பிஐ' வந்து, 2004-ல் ஈபியின் 'செட்டப்டூல்ஸ்' வந்து, இறக்குவது சுலபமான பிறகு மோதல் அதிகமாயிற்று. ஜாங்கோ 0.96-ல் அட்மின் பக்க விவரங்களை மாடலுக்குள்ளேயே எழுத வேண்டும். 2008 செப்டம்பரில் வந்த 1.0-ல் அதைத் தனியே எழுத வேண்டும். பழைய வேலை ஒன்று, புதிய வேலை ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று என்றால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

இயன் பிக்கிங் என்பவர் 2007-ல் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். பைத்தான் தன் நூலகங்களைத் தேடும்போது, தான் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறோம் என்று பார்த்துத்தான் தேடத் தொடங்கும். அப்படியானால் அந்தப் பைத்தானையே ஒரு நகல் எடுத்து புராஜெக்டுக்குள் வைத்துவிட்டால்? அது பக்கத்தில் உள்ளதைத்தான் எடுக்கும். பொது இடத்தைத் தொடாது. இதுதான் 'வர்ச்சுவல்என்வ்'. 'ஆக்டிவேட்' என்று நாம் பெரிதாகச் சொல்வது முக்கியமாகச் செய்வதெல்லாம், கட்டளைகளைத் தேடும் பட்டியலில் அந்த ஃபோல்டரை முன்னால் நிறுத்துவதுதான். மறு ஆண்டே பிக்கிங் 'பிப்'பையும் எழுதினார். இரண்டும் இல்லாத பைத்தானை இன்று நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். 2012-ல் பைத்தான் 3.3-ல் இந்தத் தந்திரம் 'வென்வ்' என்ற பெயரில் மொழிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. 2014-ல் 3.4-லிருந்து பிப்பும் கூடவே வந்தது.

இந்த இடத்தில் சீனியர்களுக்கு ஒரு வார்த்தை. பென்டிரைவில் வென்வ் ஃபோல்டரையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் அல்லவா? அது பயன்படாது. உங்கள் கம்ப்யூட்டரின் முழு முகவரிகள் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். வேறு இடத்தில் அது அநாதை. கொடுக்க வேண்டியது அதை மறுபடி உண்டாக்கும் சீட்டு, அதாவது ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு. அதிலும் வெறும் 'ஜாங்கோ' என்று எழுதினால், ஜூனியருக்கு அன்றைய தேதியில் உள்ள புதுப் பதிப்பு இறங்கும். பதிப்பு எண்ணோடு எழுத வேண்டும்; 'பிப் ஃபிரீஸ்' என்றால் அதுவே எழுதித் தரும். எந்தப் பைத்தான் என்பதையும் ஒரு வரி குறித்து வையுங்கள். 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற பழைய பகுதியை எடுத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த எத்தனையோ பழைய நூலகங்கள் அதில் ஏறவே மறுக்கின்றன.

ஃபிளாஸ்க்கின் பிறப்பு வேடிக்கையானது. 2010 ஏப்ரல் முதல் தேதி, ஆஸ்திரியாவின் ஆர்மின் ரோனாக்கர் முட்டாள்கள் தின விளையாட்டாக, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திணித்து ஒரு போலி ஃபிரேம்வொர்க்கை விட்டார். ஜனங்கள் நிஜமாகவே விரும்பியதைப் பார்த்து, அதே மாதம் உண்மையான ஃபிளாஸ்க்கை வெளியிட்டார். ஏழெட்டு வரியில் ஒரு தளம்! ஆனால் அந்த ஒரு கோப்பு ஆயிரம் வரியானதும் இரண்டாகப் பிரிக்கிறோம். இது அதை அழைக்கும், அது இதை அழைக்கும், வட்டமாகச் சுற்றி இரண்டும் நின்றுவிடும். இதற்காகத்தான் 2011-ல் 'புளூபிரின்ட்' என்ற பிரிவு வந்தது. அப்ளிகேஷனை ஒரு ஃபங்ஷனுக்குள் உண்டாக்கும் பழக்கமும் இந்தத் தொல்லைக்குத்தான் மருந்து.

செட்டிங்ஸ் விஷயம் சுருக்கமாக. கடவுச்சொற்களைப் புரோகிராமுக்குள் எழுதாமல் சூழல் மாறிகளில் வைக்கும் முறையை 2011-ல் ஹெரோக்கு நிறுவனத்தார் 'பன்னிரண்டு அம்சங்கள்' என்ற அறிக்கையில் சேர்த்துப் பரவலாக்கினார்கள். டீபக் வசதியைத் திறந்தே விடுவதன் ஆபத்துக்கு 2015-ல் நடந்த பேட்ரியான் சம்பவம் சாட்சி. சோதனைக்கான ஒரு டீபக் பிரதி பொதுவெளியில் தெரிந்ததால் அன்னியர் உள்ளே நுழைந்தார்கள் என்று அந்நிறுவனமே அறிவித்தது.

இன்னொரு மாற்றம் 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ல் இருக்கிறது. லினக்ஸின் சொந்த வேலைகள் சிலவும் பைத்தானில்தான் நடக்கின்றன. பொது இடத்தில் நாம் எதையாவது மாற்றினால் அவை கெடலாம். ஆகவே வென்வ் இல்லாமல் 'பிப் இன்ஸ்டால்' கொடுத்தால் அந்த டெபியன் முடியாது என்று மறுத்துவிடும். நம் பிள்ளைகளில் சிலர் வென்வ் அமைக்காமல், மறுப்பைத் தாண்டும் ஒரு ஆப்ஷனைத் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'சிஸ்டத்தின் பேக்கேஜ்களை உடை' என்று வரும்.