மொய்: கூட்டம் பணமான கதை

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு. அடுத்து ஒரு மேசை. அதன்மேல் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு. பிள்ளையார் சுழிக்குக் கீழே தாய்மாமன் பெயர். பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. 100 என்று வைக்க மனம் வராது, 101. 500 அல்ல, 501. இதுதான் மொய்.

பலாச்சுளையில் ஈ மொய்க்கிறது, சர்க்கரையில் எறும்பு மொய்க்கிறது என்கிறோமே, அதே மொய்தான் இதுவும். நெருங்கிக் கூடுவது அதன் அடிப்படைப் பொருள். பழந்தமிழில் பெயர்ச்சொல்லாக நின்று கூட்டத்தையும் வலிமையையும் போரையும் குறித்தது. திருக்குறளின் இடனறிதல் அதிகாரத்தில் வரும் ‘மொய்ம்பு’க்கு வலிமை என்று பொருள். பலர் நெருங்கி நிற்பதே பலம் என்ற எண்ணம் இந்தச் சொற்குடும்பத்திலேயே ஊறியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியோ, விசேஷங்களில் கொடுக்கும் அன்பளிப்பையும் மொய்யின் பொருள்களுள் ஒன்றாகச் சொல்கிறது. கூடிய கூட்டத்தின் பெயரே, அது கொண்டுவந்த பணத்துக்கும் ஆகிவந்திருக்கிறது.

மதுரை, தேனிப் பக்கம் இதையே ‘செய்முறை’ என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் தஞ்சையின் பேராவூரணியிலும் இது ‘மொய் விருந்து’ என்றே தனி விழாவாகிவிட்டது. ஆடி, ஆவணியில் பலர் சேர்ந்து பந்தல் செலவைப் பகிர்ந்துகொண்டு கறிவிருந்து போடுவார்கள். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. சேரும் மொய்யில் கிணறு வெட்டுவார்கள், கடை வைப்பார்கள், பிள்ளையைப் படிக்க அனுப்புவார்கள்.

நாம் தொடங்கிய ஆஸ்டின் டவுன் பழைய தண்டுப் பகுதியைச் சேர்ந்தது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவத் தண்டு அமைத்தபின், சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் பிழைப்புத் தேடித் திரளாக வந்து குடியேறினார்கள். பங்காளிகளை ஊரில் விட்டுவந்தவர்களுக்கு, மொய் எழுதப் பக்கத்து வீடே பங்காளி வீடு.

இங்கே பக்கத்து வீடு கன்னட வீடாகவும் இருக்கும். கன்னடத்தில் மொய்க்கு மிக நெருங்கி ஒலிக்கும் சொல் ‘முய்யி’. விசேஷத்தில் வைக்கும் பணமும் அதுதான். வாங்கியதைத் திருப்பித் தருவதும் அதுதான். பழிக்குப் பழி வாங்குவதையும் கன்னடர் ‘முய்யி தீர்ப்பது’ என்பார்கள். தமிழ் மொய்யில் கூட்டம் முன்னால் நிற்கிறது. கன்னட முய்யியில் கைம்மாறு முன்னால் நிற்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வழக்கம் முழுதாக விளங்கும்.

மொய் கடனல்ல, வட்டியில்லை. வெறும் பரிசுமல்ல, திருப்பவேண்டும். சீட்டுக்குத் தேதி உண்டு. மொய்க்குத் தேதி, கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும் நாள்தான். அவருக்குத் தேவை வரும்போது நம் கை நீளவேண்டும், அவ்வளவே கணக்கு.

இப்போது பல அழைப்பிதழ்களில் ‘அன்பளிப்பைத் தவிர்க்கவும்’ என்று அச்சிடுகிறார்கள். வசதியுள்ளவர்களின் நல்ல எண்ணம்தான். ஆனால் திருப்பிச் செய்ய வந்தவரின் கை அங்கே மடங்கிப் போகிறது.

பத்திரிகை வந்ததும் வீட்டில் பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுக்கிறார்கள். பழுப்பேறிய பக்கத்தில் பத்திரிகை வைத்தவரின் பெயர்; எதிரே 11 ரூபாய். அன்று அந்தப் 11 எவ்வளவு பெரிது என்பது நோட்டைப் பார்ப்பவருக்குத் தெரியும். 501 எடுத்துக் கவரில் வைக்கிறார். குடும்பத்தோடு கிளம்பிப் போய், அந்தக் கூட்டத்தில் தானும் ஓர் ஆளாக நிற்கிறார்.