தற்காப்புக் கலைகளில் பெண்கள்: சேர்வதும் நிலைப்பதும்

தமிழகத்தில் பெண்கள் போர்ப்பயிற்சி பெற்றமைக்கு முதன்மைச் சான்றாகக் கூறப்படுபவர் வேலு நாச்சியார் (1730–1796). இராமநாதபுரம் சேதுபதி மரபில் ஒரே மகளாகப் பிறந்த அவருக்குச் சிலம்பம், வாள், வளரி, குதிரையேற்றம் ஆகியவை கற்பிக்கப்பட்டன. 1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டபின், விருப்பாட்சியில் தங்கிப் படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டார். ஆண் வாரிசு இல்லாத அரண்மனைக்கு அவரது பயிற்சி தேவைப்பட்டது. அதனால் அது தடைபடவில்லை.

எளிய குடும்பத்துப் பெண்களின் நிலை வேறு. கேரளக் களரிகளில் சிறுமியர் சேர்ந்து கற்றனர். ஆனால் பூப்பெய்தியதும் நின்றுவிடுவதே வழக்கம். வடகரை மீனாட்சி அம்மா ஏழு வயதில் ராகவன் குருக்களிடம் களரிப்பயிற்று கற்கத் தொடங்கினார். அவரது திறமையைக் கண்டு ஆசிரியரும் தந்தையும் ஊக்குவித்ததால், மற்றப் பெண்கள் விலகும் வயதிலும் அவர் விலகவில்லை. பின்னர் அந்த ஆசிரியரையே மணந்தார். கணவரின் மறைவுக்குப் பின் களரியைத் தாமே நடத்தினார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

இத்தடை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான ஜூடோ 1964-இல் இடம்பெற்றது. பெண்களுக்கான பதக்கப் போட்டி 28 ஆண்டுகள் கழித்து, 1992-இல்தான் வந்தது.

தமிழ்நாட்டில் இன்று சிலம்பம் கற்போருக்குப் புதிய வாய்ப்புகள் உள்ளன. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்க்கும் முடிவு 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அப்போட்டிகளின் சின்னம் வேலு நாச்சியாரே.

ஆயினும் வாய்ப்பு வேறு, தொடர்ச்சி வேறு. காலடி வரிசையைச் சில மாதங்களில் பழகலாம். எதிராளியின் கம்பைத் தடுத்துத் திருப்பி வீசும் தேர்ச்சிக்குப் பல ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில்தான் பூப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு, இருட்டியபின் வீடு திரும்பும் கவலை, திருமணப் பேச்சு ஆகியவை குறுக்கிடுகின்றன. பாதியில் நின்றவர் ஆசிரியராக முடியாது; பெண் ஆசிரியர் இல்லாத கூடத்துக்கு வளர்ந்த மகளை அனுப்பப் பெற்றோர் தயங்குகின்றனர். ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

ஆகவே இராஜபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ ஒரு சிலம்பக் கூடத்தை மதிப்பிட விரும்பும் மாணவர், அங்கே எத்தனை சிறுமியர் சேர்ந்தனர் என்று மட்டும் எண்ணினால் போதாது. பதினாறு வயதிலும் கம்பு பிடிப்பவர் எத்தனை பேர், அவர்களுள் கற்பிப்பவர் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும்.