விளம்பரப் படத்தில் ஏறிய முகங்கள்

கூஃபா நகரத்து வணிகர் ஒருவர் முக்காட்டுத் துணிகளை ஏற்றிக்கொண்டு மதீனாவுக்கு வந்தார். வண்ணத் துணிகளெல்லாம் விற்றுத் தீர்ந்தன. கறுப்பு முக்காடுகள் மட்டும் கேட்பாரற்றுத் தேங்கின. வணிகருக்கு தாரிமீ என்னும் கவிஞர் நண்பர். அவரோ அக்காலம் பாட்டையும் இசையையும் விட்டொழித்து வணக்க வழிபாட்டில் ஒதுங்கியிருந்தார். நண்பரின் கவலையைக் கேட்டு மனமிரங்கி, கறுப்பு முக்காடணிந்த பேரழகி ஒருத்தி ஒரு வணக்கசாலியின் உள்ளத்தை எப்படிக் கலைத்துவிட்டாள் என்று சில அடிகள் பாடிக் கொடுத்தார். பாட்டு ஊரெங்கும் பரவிற்று. கவிஞர் பழைய வழிக்கே திரும்பிவிட்டார் என்று பேச்சும் எழுந்தது. மதீனாவின் நாகரிக மங்கையர் போட்டியிட்டுக்கொண்டு கறுப்பு முக்காட்டை வாங்கினர். சரக்குத் தீர்ந்ததும் கவிஞர் மீண்டும் பள்ளிவாசலில் போய் அமர்ந்துகொண்டார்.

அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானீயின் 'கிதாபுல் அகானீ'யில் உள்ள கதை இது. மத்ரஸாவில் அரபு இலக்கியம் ஓதிய நாளில் உஸ்தாத் இதைச் சொல்லக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். ஆடை விளம்பரத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் இக்கதையில் வேறொன்று தென்பட்டது. அந்தப் பாட்டில் வரும் பெண்ணுக்குப் பெயருமில்லை, முகமுமில்லை. கறுத்தவளோ சிவந்தவளோ, வாங்க வந்த ஒவ்வொருத்தியும் தன்னையே அவளாக எண்ணிக்கொள்ளலாம். பாட்டு போய்ப் புகைப்படம் வந்ததும் அந்த வசதி போயிற்று. படத்துக்கு ஒரு முகம் வேண்டும். அது யாருடைய முகம் என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அமெரிக்காவில் அந்த முடிவு யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறிற்று, எவ்வளவு தூரம் கைமாறிற்று என்பதையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

'வோக்' என்னும் ஆடை அலங்கார இதழ் நியூயார்க்கில் 1892இல் தோன்றியது. அதன் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண்ணின் முகம் ஏறுவதற்கு 1974 ஆகஸ்ட் வரை, அதாவது எண்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. கறுப்பின மக்கள் உடுத்தாமலா இருந்தார்கள்? அவர்கள் காசு கடையில் செல்லாமலா போயிற்று? வாங்குபவராக அவர்களை ஏற்ற வணிக உலகம், வாங்கத் தூண்டும் முகமாக ஏற்க மறுத்தது. கறுப்பு முகத்தைப் போட்டால் தென் மாநிலத்துக் கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்திவிடுவார்கள் என்னும் அச்சம் பத்திரிகை முதலாளிகளுக்கு இருந்தது.

ஆகவே அம்மக்கள் தமக்கென ஒரு தனிச்சந்தையை அமைத்துக்கொண்டனர். ஜான் எச். ஜான்சன் 1945இல் சிகாகோவில் 'எபனி' மாத இதழைத் தொடங்கினார். மறு ஆண்டே ஒஃபீலியா டிவோர் என்னும் பெண்மணி நியூயார்க்கில் 'கிரேஸ் டெல் மார்கோ' என்ற மாடல் நிறுவனத்தை நிறுவினார். 1958 முதல் 'எபனி ஃபேஷன் ஃபேர்' என்ற உடைக் காட்சி ஊர் ஊராகச் சென்றது. அதை நடத்தியவர் ஜான்சனின் துணைவியார் யூனிஸ். அவரிடம் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. மேடையேறும் பெண்களின் நிறத்துக்கு ஏற்ற முகப்பூச்சுக் கடைகளில் கிடையாது. அவர்கள் இரண்டு மூன்று பூச்சுகளைக் கலந்து தாங்களே நிறம் செய்துகொள்வதை யூனிஸ் கண்டார். 1973இல் 'ஃபேஷன் ஃபேர்' ஒப்பனைப் பொருள்கள் சந்தைக்கு வந்ததன் மூலம் அதுவே.

பூச்சில் மட்டுமன்று, படச்சுருளிலேயே இந்தக் கோணல் இருந்தது. வண்ணப் படங்களைக் கழுவி அச்சிடும் கூடங்களுக்கு கோடக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் மேனி சரியாக விழுந்தால் நிறக்கலவை சரி என்று பொருள். வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் அருகருகே நிற்கும் பள்ளிப் படத்தில் கறுப்புப் பிள்ளையின் முகம் இருட்டில் அமுங்கிப்போகும். பெற்றோர் முறையிட்டனர். ஆனால், சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் செய்பவர்களும் தங்கள் பழுப்பு நிறச் சரக்குகள் படத்தில் துலங்கவில்லை என்று புகார் சொன்னது சுருளைத் திருத்துவதற்குப் பெருங்காரணமாயிற்று என்று அந்நிறுவனத்தில் பணியாற்றியவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையின் முகத்துக்குக் கிடைக்காத செவிசாய்ப்பு நாற்காலிக்குக் கிடைத்தது! என்னிடமுள்ள பழைய பள்ளிக் குழுப்படங்களிலும் பின்வரிசைப் பிள்ளைகள் சிலரின் முகம் நிழலாகவே விழுந்திருக்கிறது. எந்தக் கம்பெனிச் சுருளோ, எந்த வெளிச்சமோ, அறியேன். அதைப் பிள்ளைகளின் நிறத்துக்குரிய குறையென்றே நாங்கள் அந்நாளில் எண்ணியிருந்தோம்.

1964இல் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறிய பின்னர் பூட்டிய கதவுகள் மெல்ல அசைந்தன. டெட்ராய்ட் நகரத்து டோனியேல் லூனா 1965 ஜனவரியில் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' அட்டையில் வந்தார். ஆனால் புகைப்படமாக அன்று, கோட்டோவியமாக. 1966 மார்ச்சில் பிரிட்டிஷ் 'வோக்' அவருடைய புகைப்படத்தையே அட்டையில் வெளியிட்டது. அதிலோ மூக்கையும் வாயையும் அவருடைய கை மறைத்திருக்கிறது. விரலிடுக்கில் ஒரு கண் மட்டும் நம்மைப் பார்க்கிறது.

இவ்வரலாற்றில் என் மனத்தை அதிகம் கவர்ந்தவர் நவோமி சிம்ஸ். 1948இல் மிசிசிப்பியில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர். படிக்க நியூயார்க்குக்கு வந்து, செலவுக்காக மாடல் வேலை தேடினார். நிறம் மிகக் கறுப்பு என்று சொல்லி நிறுவனங்கள் திருப்பியனுப்பின. அவர் மனம் தளராமல் புகைப்படக் கலைஞர்களை நேரிற் சென்று கண்டார். அதன் பயனாக 1967 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட உடை மலரின் அட்டையில் அவர் படம் வந்தது. அப்பொழுதும் வேலை வரவில்லை. வில்ஹெல்மினா கூப்பர் என்ற மாடல் பெண்மணி அந்நாளில் சொந்த நிறுவனம் தொடங்கியிருந்தார். சிம்ஸ் அவரிடம் போய், 'இந்த மலரை விளம்பர நிறுவனங்களுக்கெல்லாம் நானே அனுப்புகிறேன். உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் அதில் சேர்த்துக்கொள்கிறேன். யாராவது அழைத்தால் உங்கள் தரகை எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற கருத்தில் பேசினார். அழைப்புகள் வந்தன. ஓராண்டுக்குள் வாரம் ஆயிரம் டாலர் ஈட்டும் நிலைக்கு உயர்ந்தார். 1968 நவம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' அட்டையிலும், 1969 அக்டோபரில் 'லைஃப்' அட்டையிலும் அவர் முகம் வந்தது.

இவ்வளவு புகழோடு இருந்தவர் சில ஆண்டுகளிலேயே மாடல் தொழிலை விட்டார். கறுப்பினப் பெண்களின் கூந்தலுக்கு ஒத்த செயற்கைக் கூந்தல் கடைகளில் இல்லாததைக் கண்டு, செயற்கை இழையைத் தம் வீட்டு அடுப்பில் வைத்துச் சூடேற்றி, பதம் பார்த்துப் பார்த்து, உரிய தன்மையை வரவழைத்தார். 1973இல் அதையே தொழிலாக்கினார். பிறர் சரக்குக்கு முகம் கொடுத்தவர் தம் சரக்குக்குத் தாமே முகமானார். 2009இல் காலமானார்.

அமெரிக்க 'வோக்' அட்டையில் 1974 ஆகஸ்டில் முதலில் ஏறிய கறுப்பினப் பெண் பெவர்லி ஜான்சன். அதற்கு முந்திய ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் பாரிஸுக்கு அருகில் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு உடையமைப்பாளர் ஐவரும் அமெரிக்கர் ஐவரும் ஒரே மேடையில் தங்கள் உடைகளைக் காட்டினர். அமெரிக்கர் அழைத்துச் சென்ற பெண்களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் கறுப்பினத்தவர். அவர்கள் நடந்த நடைக்கு அவை எழுந்து ஆர்ப்பரித்தது. அவர்களுள் ஒருவரான பெத்தன் ஹார்டிசனின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1975இல் சோமாலியப் பெண் இமான் வந்தார். பீட்டர் பேர்டு என்ற புகைப்படக்காரர் அவரை நைரோபியில் சந்தித்தார். அமெரிக்கப் பத்திரிகையாளரிடம் அவர் சொன்ன கதையோ, காட்டில் கால்நடை மேய்த்த பெண்ணைத் தாம் கண்டெடுத்ததாக! உண்மையில் இமான் ஓர் அரசதந்திரியின் மகள். பல மொழி பேசுபவர். பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துக்கொண்டிருந்தவர். படமெடுக்கச் சம்மதிக்கக் கூலியாகத் தம் கல்லூரிக் கட்டணத்தையே கேட்டவர். படத்தில் இடம் கிடைத்தது. படத்துக்குக் கீழே எழுதும் கதை மட்டும் இன்னொருவர் கையில் இருந்தது. அமெரிக்காவில் முதல் வேலைக்குச் சென்றபோது, 'உன் நிறத்துக்கான பூச்சைக் கையோடு கொண்டு வந்தாயா?' என்று ஒப்பனைக்காரர் கேட்டதை இமான் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இவரும் 1994இல் ஒப்பனைப் பொருள் நிறுவனம் தொடங்கினார். யூனிஸ், சிம்ஸ், இமான் என மூவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

இத்தாலியின் பெனட்டன் கம்பெனி எண்பதுகளில் பல நிறத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நிறுத்தி விளம்பரம் செய்து பெயரெடுத்தது. 1989இல் ஒரு கறுப்புத் தாய் வெள்ளைக் குழந்தைக்குப் பாலூட்டும் படத்தை வெளியிட்டது. ஐரோப்பாவில் அதற்குப் பரிசுகள் குவிந்தன. அமெரிக்கக் கறுப்பின மக்கள் அதைக் கண்டு கொதித்தனர். அடிமைக் காலத்தில் தங்கள் பாட்டிமார் எசமானரின் பிள்ளைக்குப் பாலூட்ட நேர்ந்த கதை அவர்களுக்கு மறக்கவில்லை. படமெடுத்தவரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த மக்களில் ஒருவர் தீர்மானிக்கும் இடத்தில் இருந்திருந்தால் அச்சுக்குப் போகுமுன்பே சொல்லியிருப்பார் அன்றோ?

திறந்த கதவு திறந்தபடியே நிற்கவுமில்லை. பிராடா நிறுவனத்தின் விளம்பரத்தில் 1994இல் நவோமி கேம்ப்பெல் தோன்றினார். அடுத்த கறுப்பினப் பெண் தோன்றியது 2013இல். இடையே பத்தொன்பது ஆண்டுகள். முன்பு சொன்ன பெத்தன் ஹார்டிசன் 1984இல் சொந்த மாடல் நிறுவனம் நடத்தத் தொடங்கியவர். 2007இல் நியூயார்க்கில் இதற்கெனக் கூட்டங்கள் கூட்டினார். 2013 செப்டம்பரில் இமானும் கேம்ப்பெல்லும் உடன் நிற்க, நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் நகரங்களின் உடைத்தொழில் மன்றங்களுக்குக் கடிதம் எழுதினார். மேடையில் கறுப்பினப் பெண்ணை ஏற்றாத நிறுவனங்களையும், பெயருக்கு ஒருத்தியை ஏற்றிய நிறுவனங்களையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். பொதுவாகக் குறைசொல்வதற்கும் பெயர் குறித்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அதன்பின் தெரிந்தது. அடுத்தடுத்த பருவங்களில் மேடைகளில் மாற்றம் தென்பட்டது. 2017இல் கானாவில் பிறந்த எட்வர்டு எனின்ஃபுல் பிரிட்டிஷ் 'வோக்' ஆசிரியரானார். 2018 செப்டம்பர் அமெரிக்க 'வோக்' அட்டைப்படத்தை எடுத்தவர் டைலர் மிட்செல். நூற்றிருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த அவ்விதழின் அட்டைப்படத்தை எடுத்த முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர் அவரே.

இதே காலத்தில்தான் வணிகரின் பார்வை முஸ்லிம் பெண்களின் பக்கமும் திரும்பிற்று. 2015இல் எச் அண்ட் எம் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் மரியா இத்ரீசி என்ற லண்டன் பெண் முக்காட்டுடன் தோன்றினார். அடுத்து வந்தவர் ஹலீமா ஏடன். சோமாலியப் பெற்றோருக்குக் கென்யாவின் ககூமா அகதி முகாமில் 1997இல் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடியேறினார். 2016இல் அம்மாநில அழகிப் போட்டியில் முக்காட்டுடனும், உடல் மறைக்கும் நீச்சலுடையுடனும் கலந்துகொண்டு செய்தியானார். (அழகிப் போட்டியும் மாடல் தொழிலும் நம் பெண்மக்களுக்கு ஏற்றவையா என்பது வேறு விவாதம், எனக்கு அதில் உறுதியான கருத்து உண்டு. நான் இங்கே எழுதுவது வரலாறு.) முக்காட்டைக் கழற்றச் சொல்லக்கூடாது என்பதை நிபந்தனையாக வைத்தே 2017இல் ஐ.எம்.ஜி. நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். உடை மாற்றத் தனியறையும் அவருக்குக் கிடைத்தது. 2018 மே மாதப் பிரிட்டிஷ் 'வோக்' அட்டையில் முக்காட்டுடன் இடம்பெற்றார்.

எழுத்தில் இருந்த நிபந்தனை போதவில்லை. முக்காடு நாளுக்கு நாள் சுருங்கிற்று. தலைப்பாகையாயிற்று. ஒரு விளம்பரத்தில் ஜீன்ஸ் துணியையே தலையில் சுற்றிவிட்டார்கள். முக்காட்டின் பொருள் அறிந்த முஸ்லிம் பெண் ஒருவர்கூட அலங்கரிப்போரிடையே பெரும்பாலும் இல்லை. வேலை மும்முரத்தில் தொழுகை தவறிற்று. தமக்குத் தனியறை தந்தவர்கள், தம்மைப் பார்த்து இத்தொழிலுக்கு வந்த மற்ற முக்காட்டுப் பெண்களிடம் கழிவறையில் போய் மாற்றிக்கொள் என்று சொன்னதையும் ஹலீமா அறிந்தார். அது அவரை மிகவும் வருத்தியது. 2020 நவம்பரில், தொற்றுநோயால் வேலை நின்று வீட்டிலிருந்த வேளையில், ஒவ்வொரு படமாக எடுத்துக்காட்டி, எங்கே தாம் விட்டுக்கொடுத்தார் என்பதைத் தாமே எழுதி, மேடை நடையிலிருந்து விலகினார். பிறரைப் பழித்ததைவிடத் தம்மையே அவர் அதிகம் கடிந்துகொண்டார்.

2021இல் துருக்கியின் மோடனிசா நிறுவனத்துக்கு முக்காடும் தலைப்பாகைத் துணியும் தாமே வடிவமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். இத்தொழிலை விட்டுவிடு என்று அவருடைய தாயார் வெகுநாளாகச் சொல்லிவந்தவர். மகள் விலகிவிட்ட செய்தி கேட்ட மகிழ்ச்சியில், அதுவரை இசையாத அந்த அம்மையார், மகளோடு சேர்ந்து நின்று படமெடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டாராம்.