‘மே’யும் ‘ஷல்’லும்: ஒரு துணைவினையின் வரலாறு

கழுகுமலைப் பாறையிற் செதுக்கப்பெற்ற சமணத் திருமேனிகளின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுக்கள் பல காணப்படுகின்றன. இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவில் அமைவன அவற்றுட் பல. முடிந்த செயலைக் கூறுவனவாகலின் அவற்றுக்குத் துணைச்சொல் வேறு வேண்டுவதில்லை. அம்மலையிலேயே உள்ள வெட்டுவான் கோயிலோ, மேற்பகுதி முற்றுப்பெற்று அடிப்பகுதி குறையாக நிற்பது. அதனைக் காண்பார், ‘முடித்திருக்கலாம்’ என்றோ ‘முடித்திருக்க வேண்டும்’ என்றோ கூறுவர். நிகழாத செயலைப் பற்றிப் பேசப் புகுந்தவுடன் இத்தகைய துணைவினைகள் இன்றியமையாதன ஆகிவிடுகின்றன. சட்டமோ பெரும்பான்மையும் இனி நிகழ வேண்டுவனவற்றையே பேசுவது. ஆங்கிலத் துணைவினை ஒன்று 1963-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் அரசியலையே கலக்கிய வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

‘ஷல்’ என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘கடன்பட்டிருத்தல்’ என்னும் பொருளுடையது. நம் மொழியில் ‘கடன்’ என்பதனோடு உறவுடைய ‘கடவன்’, ‘கடவது’ என்னும் சொற்கள் ‘செய்யக்கடவன்’ என்றாற்போலத் துணைவினையாய் நின்றமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தொடர்பில்லாத இரு மொழிகள் கடமையைச் சொல்லுதற்குக் கடனையே நாடியிருக்கின்றன! ‘மே’ என்பது முதற்கண் வலிமையையும் ஆற்றலையும் குறித்துப் பின்னர் இசைவையும் ஐயத்தையும் குறிப்பதாயிற்று. தமிழில் அவ்விடத்து நிற்பது ‘ஆம்’ ஈற்று ‘செய்யலாம்’ என்னும் வாய்பாடு. ‘நீ போகலாம்’ என்பது இசைவு. ‘மழை பெய்யலாம்’ என்பது ஐயம். வானம் பார்த்த பூமியாகிய கரிசற்காட்டில் இவ்விரண்டையும் மயங்குவார் இலர். எதிர்மறையில் தமிழ் இவற்றைத் தெளிவாகவே பிரித்துவிடுகின்றது: ‘போகக் கூடாது’ என்பது விலக்கு, ‘பெய்யாமலும் இருக்கலாம்’ என்பது ஐயம். ஆங்கிலமோ இரண்டிற்கும் ‘மே நாட்’ என்ற ஒன்றையே வழங்கும். பூசலுக்கு வித்து இங்கே உள்ளது.

‘ஷல்’, ‘வில்’ என்பனவற்றின் வேறுபாட்டை ஜான் வாலிசு என்னும் அறிஞர் 1653-இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில் வகுத்துரைத்தார். தன்மையில் ‘ஷல்’ வருவதுரைத்தலையும், முன்னிலை படர்க்கைகளில் அதுவே ஆணையையும் உறுதியையும் காட்டும் என்பது அவ்விதியின் சாரம். ரென், மார்ட்டின் இருவர் பெயரால் வழங்கும் இலக்கண நூலின் வழியாக இவ்விதி நம் நாட்டு மாணவர் பலரை அடைந்தது. கோவிற்பட்டி வட்டாரத்து மாணவரும் இதற்குப் புறம்பாயினார் அல்லர். இங்கிலாந்தினர் தம் பேச்சில் இதனைப் பெரிதும் கைவிட்ட பின்னரும் நம்மவர் இதனை மனப்பாடம் செய்து வந்தனர். அது வீண்போகவில்லை என்பதைச் சட்டமன்றங்கள் காட்டின. சட்ட வாசகம் பெரும்பாலும் படர்க்கையிலேயே அமைவதன்றோ?

1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 343-ஆம் பிரிவு, பதினைந்து ஆண்டுகட்கு ஆங்கிலம் ஒன்றியத்தின் அலுவல்களில் தொடர்ந்து வழங்கப்பெறுதல் வேண்டும் என்றது. ஆங்கில மூலத்தில் அவ்விடத்து உள்ள சொல் ‘ஷல்’. அதன் பின்னர் ஆங்கிலம் வழங்குதற்குப் பாராளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்ற மூன்றாம் உட்பிரிவில் உள்ளது ‘மே’. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று தலைமையமைச்சர் நேரு 1959 ஆகத்து 7-இல் உறுதி கூறினார். அவ்வுறுதிக்குச் சட்டவடிவம் தருதற்கெனவே ஆட்சிமொழிச் சட்டம் 1963-இல் வந்தது. அதன் மூன்றாம் பிரிவில் ‘தொடர்ந்து வழங்கப்பெறுதல்’ என்னும் அரசியலமைப்பின் தொடரே மீண்டும் வந்தது. ஆனால் அதன் முன் நின்ற துணைவினை ‘ஷல்’ அன்று, ‘மே’. வழங்கப்பெற வேண்டும் என்பது வழங்கப்பெறலாம் என மாறிற்று.

‘வழங்கலாம்’ எனின் ‘வழங்காமலும் விடலாம்’ என்பதும் அடங்கும் என்று எதிர்ப்பாளர் வாதித்தனர். மாநிலங்களவையில் சி. என். அண்ணாதுரை தம் எதிர்ப்பை வலிவுற எடுத்துரைத்தார். இவ்விடத்து ‘மே’ என்பது ‘ஷல்’ என்னும் பொருளதே என்றார் நேரு. அங்ஙனமாயின் ‘ஷல்’ என்றே எழுதினால் என்ன என்ற வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. நேருவின் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. எனினும் இலக்கணம் எதிர்ப்பாளர் பக்கமே நின்றது என்பது எம் துணிபு. அச்சட்டத்தின் நான்காம் பிரிவையே சான்றாகக் காட்டலாம். மூன்றாம் பிரிவு நடைமுறைக்கு வந்து பத்து ஆண்டு கழிந்தபின் ஆட்சிமொழிக் குழு ஒன்று அமைக்கப்பெறுதல் வேண்டும் என்னும் அவ்விடத்தில், வரைந்தோர் ‘ஷல்’ என்றே எழுதினர். ஒரே சட்டத்தில் அடுத்தடுத்த பிரிவுகளில் இரு சொற்கள் வருமாயின், அவற்றுக்கு இரு பொருள் உண்டென்று கொள்வதே நெறி.

நீதிமன்றங்கள் சிற்சில இடங்களில் ‘மே’யைக் கடமையாகக் கொண்டமை உண்மையே. ஆயினும் அது சூழ்நிலையைப் பொறுத்தது. 1880-இல் ஆக்சுபோர்டுப் பேராயர் வழக்கில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை, அதிகாரம் தரும் சொல் தன்னளவில் அதிகாரத்தையே தரும் என்றும், கடமை பிறிதோரிடத்திலிருந்து பெறப்படல் வேண்டும் என்றும் கொண்டது. தலைமையமைச்சரின் வாய்மொழி சட்டத்தின் வாசகம் ஆகாது. நேருவும் 1964 மே 27-இல் மறைந்தார். எஞ்சியது எழுத்து மட்டுமே.

1965 சனவரி 26 நெருங்கியபோது தமிழ்நாடெங்கும் மாணவர் கிளர்ச்சி மூண்டது. அதனை உணர்ச்சிப் பெருக்கு என்று மட்டும் கூறுவார் உளர். ஒன்றியத் தேர்வு இந்தியில் மட்டும் நடக்குமாயின் கழுகுமலைச் சிற்றூர் மாணவன் ஒருவன் இழப்பது எது என்பதை அவர் எண்ணிப் பார்த்திலர். பிப்பிரவரித் திங்களில் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ஒன்றிய அமைச்சுப் பதவியை விட்டு விலக முன்வந்தனர். தலைமையமைச்சர் லால்பகதூர் சாத்திரி வானொலியில் நேருவின் உறுதிமொழிகளைக் காப்பதாக அறிவித்தார்.

1967 திசம்பரில் பாராளுமன்றம் ஏற்ற திருத்தச் சட்டம் வேறொரு வழியை மேற்கொண்டது. மூன்றாம் பிரிவின் தொடக்கத்தில் உள்ள ‘மே’யை அது மாற்றவில்லை, இன்றும் அச்சொல் அங்கேயே உள்ளது. அதனை அடுத்து, இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களோடு ஒன்றியம் கொள்ளும் தொடர்பில் ஆங்கிலமே வழங்குதல் வேண்டும் என ‘ஷல்’ கொண்ட காப்புரை ஒன்று சேர்க்கப்பெற்றது. இவ்வேற்பாட்டை நீக்குதற்கு, அம்மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் பாராளுமன்றத்தின் ஈரவைகளும் தீர்மானம் இயற்ற வேண்டும் என்னும் ஐந்தாம் உட்பிரிவும் வந்தது. 1976-இல் இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பெற்ற விதிகள் இந்தியா முழுமைக்கும் செல்லும் எனத் தொடங்கி, தமிழ்நாடு நீங்கலாக என முடிகின்றன. அங்கே உள்ள துணைவினையும் ‘ஷல்’ என்பதே.